‘டியூப் கழுவ தனியா ஒரு ஆளா?’

கேள்வி: தனியார் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் முதுகலை ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் மூன்று ஆய்வகங்களையும் 19 வருடமாகப் பார்த்துவந்த அக்கா இந்த மார்ச்சோடு வேலையை விட்டுவிட்டார். வேறு ஆள் போடுங்கள் என்று கேட்டால், “டியூப் கழுவ தனியா ஒரு ஆளா? ஆயாம்மா கழுவட்டும். சொல்யூஷனை நீங்க ஃப்ரீ பீரியட்ல போட்டுக்கோங்க” என்கிறார் தாளாளர். எனக்கு வாரத்துக்கு 28 பீரியட். பிளஸ் டூவில் இரண்டு பிரிவு, 80 பிள்ளைகள். நான்தான் வீண் பிடிவாதம் பிடிக்கிறேனா? நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது? இன்னொன்று: அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது லேபிள் இல்லாத நான்கு பாட்டில்களும், ‘பிக்ரிக் அமிலம்’ என்று எழுதிய ஒரு பழைய பாட்டிலும் கிடைத்தன. தூக்கிப் போட்டுவிடலாமா?

– ஓர் ஆசிரியை, தென் மாவட்டம்

பதில்:

வணக்கம் டீச்சர்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிக்ரிக் அமில பாட்டிலைத் தொடாதீர்கள். மூடியைத் திருகிப் பார்க்க வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்துவிட்டால் அது வெடிபொருள். மூடியின் மரையில் மஞ்சளாகப் படிந்திருக்கும் துகள், திருகுகிற உராய்விலேயே வெடிக்கக்கூடும். முன்பு விலங்கியல் ஆய்வகத்தில் திசுக்களைப் பதப்படுத்தும் கரைசலுக்காக இதை வாங்குவார்கள். வாங்கியவர் மாற்றலாகிப் போயிருப்பார், பாட்டில் மட்டும் தங்கிவிட்டது. அறையைப் பூட்டுங்கள், தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லி, பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். குப்பையிலோ வாஷ்பேசினிலோ கொட்டுகிற யோசனையே வேண்டாம்.

அதைச் செய்துவிட்டு அந்த அக்காவுக்கு ஒரு போன் பண்ணுங்கள். பாட்டிலைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலும் இப்படி ஒரு பாட்டில் இருந்தது. அங்கிருந்த உதவியாளர் ஒவ்வொரு வருடமும் ஸ்டாக் எடுக்கும்போது அது காய்ந்துவிடாமல் பார்த்துத் தண்ணீர் சேர்த்துவைப்பார். ஏன் என்று கேட்டதற்கு, “முன்னாடி இருந்த சார் சொல்லிட்டுப் போனாரு, இதைக் காய விடாதேன்னு” என்றார். அந்த சார் போய்ப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. எந்தப் பதிவேட்டிலும் அது எழுதப்படவில்லை. உங்கள் தாளாளர் ‘டியூப் கழுவுகிற ஆள்’ என்று சொல்வது இந்த மாதிரி ஒருவரைத்தான்.

தாளாளரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 31 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன், அதில் கடைசி ஆறு வருடம் தலைமை ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஆய்வக உதவியாளரை டீ வாங்கிவரத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். எம்.எஸ்சி. முடித்த திமிர். அந்த வருடம் முதல் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) வகுப்புக்கு, ‘நானே போட்டுக்கொள்கிறேன்’ என்று முந்தின நாள் சாயந்திரம் மோர் உப்புக் கரைசலைத் தயாரித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். (மோர் என்பது ஒரு வேதியியலாளர் பெயர். மோர் உப்பு என்றதும் வகுப்பு சிரிக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.) காலையில் வந்தால் கரைசல் பழுப்பாகக் கலங்கி நிற்கிறது. அந்த அண்ணன் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “சார், ஆசிட் ஊத்தலையா?” என்று மெதுவாகக் கேட்டார், பையன்கள் காதில் விழாதபடி.

மோர் உப்பில் இருக்கும் ஃபெரஸ் இரும்பு காற்றோடு சேர்ந்து ஃபெரிக் ஆகும், நீர்த்த கந்தக அமிலம் சேர்த்தால்தான் கரைசல் நிற்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அவர் பத்தாம் வகுப்பு. உள்ளே போய், எடை போட்டு மடித்து வைத்திருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்துவந்தார். நான் சொதப்புவேன் என்று அவருக்கு முந்தின நாளே தெரிந்திருக்கிறது. பத்து மணி வகுப்பு பத்து மணிக்கே நடந்தது. அதற்கப்புறம் நான் அவரை டீக்கு அனுப்பவில்லை.

சரி, உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். ‘ஃப்ரீ பீரியடில் போட்டுக்கோங்க’ என்பவருக்கு, அந்தப் ‘போடுதல்’ எவ்வளவு என்று தெரியாது. அதைக் கணக்காகவே காட்டுங்கள். ஒரு பிரிவில் 40 பேர். அலசுவதற்கும், 20 மில்லி பிப்பெட்டில் மூன்று நான்கு தடவை எடுப்பதற்குமாக ஆளுக்கு 100 மில்லி மோர் உப்புக் கரைசல் வேண்டும். மொத்தம் 4 லிட்டர். 0.1 நார்மல் செறிவு என்றால் லிட்டருக்கு 39.2 கிராம், ஆக 157 கிராம் எடை போட வேண்டும். அதோடு வினைபுரிய வைக்கும் பெர்மாங்கனேட்டைக் காலையில் கரைத்துக் காலையிலேயே கொடுக்க முடியாது. ஒன்றிரண்டு நாள் முன்பே கரைத்து, அடியில் தங்குவதைக் கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டி, பழுப்பு பாட்டிலில் வைக்க வேண்டும். நீர்த்த கந்தக அமிலம் தனி. லிட்டருக்கு 55 மில்லி அடர் அமிலத்தைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகவே விட முடியும், அவசரப்பட்டால் கொதித்துத் தெறிக்கும். இதெல்லாம் வகுப்புக்கு முன்னால். வகுப்பு முடிந்ததும் பியூரெட், பிப்பெட், கூம்புக் குடுவைகள். அடுத்த நாள் உப்புப் பகுப்பாய்வு (கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிப்பது) என்றால் ஆளுக்குப் பத்து சோதனைக் குழாய், நாற்பது பேருக்கு நானூறு. ஓரம் தெறித்ததைப் பொறுக்கி எடுக்க வேண்டும், அரைகுறையாக உள்ள வினைப்பொருள் பாட்டில்களை நிரப்ப வேண்டும். ஃபெரஸ் சல்பேட்டைப் புதிதாகத்தான் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுப்பு வளையம் வராது, பையன் நைட்ரேட் இல்லை என்று எழுதிவிடுவான்.

இதைத்தான் 28 பீரியடுக்கு நடுவில் நீங்கள் செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்வீர்கள், ஜூலை வரை. ஆகஸ்டில் ‘இந்த வாரம் நான் செய்து காட்டுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஆகும். அக்டோபரில் போர்டில் எழுதிப் போட்டு ரெக்கார்டில் எழுதச் சொல்வீர்கள். ஜனவரியில் செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓட்டுவீர்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உதவியாளர் பணியிடம் காலியாக இருந்த ஒரு வருடம் நான் செய்தது இதுதான்.

அந்த ஜனவரியில்தான் ஒரு பையன் வாயில் சோடியம் ஹைட்ராக்சைடு போனது. நம் பள்ளிகளில் இன்றும் பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சுகிறார்கள், அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். பீக்கரில் கரைசல் குறைந்துவிட்டது, பிப்பெட்டின் நுனி மேலே வந்துவிட்டது, காற்றோடு சேர்ந்து கரைசல் சரேலென்று வாய்க்குள் ஏறிவிட்டது. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நாக்கு வெந்ததோடு போயிற்று. அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் ஏன் இப்படி நடக்கவில்லை? அந்த அண்ணன் வகுப்பு நேரம் முழுக்கக் கையில் ஒரு குடுவையோடு மேசை மேசையாகப் போய் பீக்கர்களில் ஊற்றிக்கொண்டே இருப்பார். சும்மா நடக்கிறார் என்று நினைத்திருந்தேன். இப்போது வாய் வைக்காமல் பிப்பெட்டில் உறிஞ்ச ரப்பர் பல்ப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, முதலில் அதை வாங்கச் சொல்லுங்கள். ஆனால் பல்ப் வந்தாலும் பீக்கரை நிரப்ப ஒரு ஆள் வேண்டும்.

ஆயாம்மா கழுவட்டும் என்பதில்தான் எனக்கு உண்மையான பயம். ஆயாம்மா மேல் சந்தேகம் இல்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டார்களே என்றுதான் பயம். வகுப்பறையைக் கூட்டுவது மாதிரியே ஆய்வகத்தையும் சுத்தம் பண்ணுவார். தொட்டியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிச்சம் இருக்கும், அதன் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும் சோடியத் துண்டு பார்ப்பதற்குக் குப்பை மாதிரிதான் இருக்கும், தொட்டியில் தட்டித் தண்ணீரைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில்வர் நைட்ரேட் விரலில் பட்டுக் கறுத்தால் ‘என்னமோ நோய்’ என்று பயந்துபோவார். ஆயாம்மாவையே இந்த வேலைக்கு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் அதற்கான சம்பளமும் பயிற்சியும் கொடுத்து, மற்ற வேலைகளிலிருந்து விடுவித்து எடுக்க வேண்டும்.

மற்ற இரண்டு ஆய்வகங்களையும் மறக்காதீர்கள், அந்த ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு போனால்தான் பேச்சு எடுபடும். இயற்பியலில் லெக்லாஞ்சி மின்கலத்தை உபயோகித்த அன்றே துத்தநாகக் கம்பியை எடுத்துக் கழுவி வைக்காவிட்டால் அடுத்த தடவை அரித்துப்போயிருக்கும். மீட்டர் சமனச் சுற்றின் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் கால்வனாமீட்டர் முள் பித்துப் பிடித்த மாதிரி ஆடும், பிள்ளைகள் விடையைப் பார்த்துக் கணக்குப் பண்ணி அளவீட்டை எழுதிவிடுவார்கள். தாவரவியலில் வெங்காய வேர் நுனியில் செல் பிரிதலைத் திங்கட்கிழமை காட்ட வேண்டுமென்றால் வியாழக்கிழமையே வெங்காயத்தை பாட்டில் வாயில் தண்ணீர் தொடும்படி உட்கார வைக்க வேண்டும். சனி, ஞாயிறு தண்ணீர் வற்றினால் தீர்ந்தது. யார் வந்து பார்ப்பது?

ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி 28 அன்று பள்ளியில் அறிவியல் தினம் கொண்டாடுவீர்கள், ராமனைப் பற்றி ஒரு பிள்ளை பேசும். அடுத்த தடவை ஆசு பாபுவையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். 1907-இல் ராமன் நிதித்துறை வேலைக்காகக் கல்கத்தா போனார். பௌபஜார் தெரு 210-ஆம் எண்ணில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கதவை அவர் தட்டியபோது, அங்கே உதவியாளராக இருந்தவர் ஆசுதோஷ் டே. ஆபீஸுக்கு முன்னும் பின்னும் ராமன் வந்து ஆராய்ச்சி செய்த வருடங்கள் முழுக்கக் கருவிகளை ஆயத்தம் பண்ணிக் கூடவே இருந்தவர் அவர். பல்கலைக்கழகப் பக்கமே போகாத மனிதர், அவர் பெயரிலும் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க ‘ஆசு பாபு’ என்று மரியாதையாகத்தான் அவரைக் குறிப்பிட்டார்கள். நம் பள்ளிகளிலோ ‘லேப் பையன்’ என்று கூப்பிடுகிறோம், ஐம்பது வயதுக்காரரை.

நிர்வாகத்திடம் பேசும்போது இந்தக் கதையை எடுக்க வேண்டாம், எடுபடாது. மார்க்கில் ஆரம்பியுங்கள். பிளஸ் டூ வேதியியலில் 100-க்கு 70தான் எழுத்துத் தேர்வு, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. ‘அதைத்தான் எல்லோருக்கும் முழுசாகப் போட்டுவிடுகிறார்களே’ என்பார். சொல்லட்டும், பாதி உண்மைதான். அப்போது நீட்டை எடுங்கள். 2024 தேர்விலிருந்து நீட் வேதியியல் பாடத்திட்டத்தின் கடைசி அலகே செய்முறை வேதியியலின் அடிப்படைகள்தான். ஆக்ஸாலிக் அமிலம்-பெர்மாங்கனேட் தரம்பார்த்தல், மோர் உப்பு-பெர்மாங்கனேட் தரம்பார்த்தல், உப்புப் பகுப்பாய்வு எல்லாம் பெயர் சொல்லியே அதில் இருக்கின்றன. இயற்பியலிலும் செய்முறைத் திறன்கள் என்று ஓர் அலகு, வெர்னியரும் திருகு அளவியும் ஒத்ததிர்வுக் குழாயும் மீட்டர் சமனச் சுற்றும் அதில் வருகின்றன. ‘நீட்டுக்கு டெஸ்ட் டியூப் எதுக்கு’ என்கிற வாதம் அதோடு முடிந்தது. பாடத்திட்டத்தை அச்செடுத்து, பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு போங்கள்.

வெளிநாட்டு உதாரணம் கேட்கிற தாளாளர் என்றால் அதற்கும் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆய்வக உதவியாளர்களுக்கு டெக்னீஷியன் என்று பெயர், ஆய்வகத்தை ஒட்டித் தயாரிப்பு அறையே தனியாக இருக்கும். நல்ல செய்முறைக் கல்விக்கு என்னென்ன வேண்டும் என்று அங்குள்ள கேட்ஸ்பி அறக்கட்டளை 2017-இல் பத்து அளவுகோல்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று, ஆசிரியர்கள் அடிக்கடி செய்முறை நடத்தும் அளவுக்குப் போதிய டெக்னீஷியன்கள் இருக்க வேண்டும் என்பது. இங்கே நம் அரசாங்கமும் இந்தப் பணியிடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளில் 4,362 ஆய்வக உதவியாளர் இடங்களுக்கு 2015 மே 31 அன்று தேர்வு வைத்தார்கள், லட்சக்கணக்கானோர் எழுதினார்கள். முடிவு வர 2017 ஆகிவிட்டது என்பது வேறு கதை. காத்திருந்த பள்ளிகளில் சோதனைக் குழாயை யார் கழுவினார்கள் என்று கேட்காதீர்கள்.

மூன்று ஆய்வகத்துக்கு மூன்று பேர் கேட்காதீர்கள், ஒன்றும் கிடைக்காது. ஒருவரைக் கேளுங்கள். அந்த ஒருவரால் சமாளிக்க முடிகிற மாதிரி கால அட்டவணையை நீங்களே போட்டுக் கொடுங்கள்: ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வகத்தில் வகுப்பு வரக் கூடாது, தினமும் காலை முதல் இரண்டு பீரியட் எந்தச் செய்முறையும் இருக்கக் கூடாது, அது தயாரிப்பு நேரம். அப்புறம், அவரை ஃபீஸ் கவுண்டரிலும் பஸ் டியூட்டியிலும் உட்கார வைக்க மாட்டோம் என்பதை நியமன உத்தரவிலேயே எழுதி வாங்கப் பாருங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். தலைமை ஆசிரியராக இருந்தபோது நானே ஆய்வக உதவியாளரைக் கம்ப்யூட்டர் என்ட்ரிக்கு இழுத்திருக்கிறேன். ‘ஒரு வாரம்தான்’ என்றுதான் ஆரம்பிக்கும், மூன்று மாதம் ஆகிவிடும். அதற்குள் ஆய்வகத்தில் பல்லி குடித்தனம் நடத்தும்.

ஆளை எடுக்கும்போது பி.எஸ்சி. வேதியியல்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். நீங்கள் கொடுக்கப்போகும் சம்பளத்துக்கு வருகிற பட்டதாரி அடுத்த ஜூனில் வேறு வேலைக்குப் போய்விடுவார், போகவும் வேண்டும். உள்ளூரில், பிளஸ் டூ அறிவியல் படித்த, கை நிதானமுள்ள ஒருவர் போதும். நேர்காணலில் ஒரு அளவு ஜாடியைக் கொடுத்து 55 மில்லி தண்ணீர் அளக்கச் சொல்லுங்கள். குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், இந்தத் தொழிலைப் புகழ்ந்தே பேசினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். செய்முறைத் தேர்வு அன்று ‘அண்ணா, என்ன உப்பு?’ என்று பிள்ளைகள் இவர்களைத்தான் சுற்றுவார்கள். சிலர் சொல்லியும்விடுவார்கள், அதற்குக் காசு வாங்கியவரையும் பார்த்திருக்கிறேன். தேர்வு உப்புகளுக்கு எண் போட்டு மடிப்பதை நீங்களே செய்யுங்கள், பட்டியல் உங்கள் பையில் இருக்கட்டும். இது அவரைச் சந்தேகிப்பதாகாது. ‘எனக்கே தெரியாதுப்பா’ என்று சொல்ல அவருக்கும் ஒரு வழி கிடைக்கும்.

புது ஆள் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு நாள் தள்ளாதீர்கள். பழைய அக்காவை மூன்று நாள் வந்துபோகக் கேளுங்கள். சும்மா கூப்பிடாதீர்கள், அந்த நாட்களுக்குச் சம்பளமும் ஆட்டோவும் நிர்வாகம் கொடுக்கட்டும். மறுத்தால் ஆசிரியர்கள் போட்டுக் கொடுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடங்கள். எந்தக் கரைசலை எத்தனை நாள் முன்னால் போடுவார், எந்தத் தராசு எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டும், எந்தக் குழாயைத் திறந்தால் கீழ்த்தளத்தில் ஒழுகும், அமோனியா பாட்டிலை வெயில் காலத்தில் திறப்பதற்கு முன்னால் என்ன செய்வார், எல்லாவற்றையும் எழுதுங்கள். அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ‘நீலப் பாட்டில்’ என்றால் நீலப் பாட்டில்தான். 19 வருடத்தில் அவரே ஒரு நோட்டு வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இருந்தால் நகல் எடுத்து ஒன்றைத் தலைமை ஆசிரியர் அறையில் வையுங்கள். பதிவேட்டில் உள்ள இருப்பையும் அலமாரியில் உள்ளதையும் அவர் இருக்கும்போதே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள், பின்னால் அவர் தலையில் எதையும் கட்டாமல் இருப்பதற்கும் அது உதவும்.

அந்த லேபிள் இல்லாத நான்கு பாட்டில்கள் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். முகர்ந்து பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். அக்கா வந்து தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லட்டும். அவருக்கே தெரியாததைப் பிக்ரிக் பாட்டிலோடு சேர்த்து ஒப்படையுங்கள். வந்து என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதில் ஒன்று மண்ணெண்ணெயாக இருக்கும் என்று நினைக்கிறேன், சரியா என்று தெரிந்துகொள்ள ஆசை.